அளவைக்காரரை ஆட்கொண்ட வள்ளல்

மயிலுக்குப் போர்வை தந்த பேகனைத் தமிழ்நிலம் இன்றளவும் கொண்டாடுகிறது. குளிர்கிறதென்று மயில் மனுப் போடவில்லை. போர்த்திக்கொள்ளத் தெரியுமா என்று அவனும் மயிலைக் கேட்கவில்லை. பெறுபவரின் தேவையை விசாரிக்காமல் வாரி வழங்கும் அந்தப் பெருங்கொடை கடையெழு வள்ளல்களோடு மண்ணுக்குள் போய்விட்டதென்று புலவர்கள் புலம்புவதுண்டு. நில அளவை மென்பொருள் வழங்கியருளும் பெருநிறுவனத்தாரின் ஆட்சியில் ஒரே ஒரு மார்ச் மாதம் குடியிருந்தால் போதும், அந்தப் புலம்பல் அடங்கிவிடும். அவர்களது திருநாமத்தை எழுதும் துணிவு இந்தப் பேனாவுக்கு இல்லை. சூரியனுக்குப் பெயர்ப்பலகை எதற்கு?

மார்ச் 31-க்குள் பில் பாஸாக வேண்டும் என்பது ஒப்பந்தக்காரர் முதல் செயற்பொறியாளர் வரை எல்லாரும் அறிந்த வேதம். பகல் முழுவதும் டோட்டல் ஸ்டேஷனோடும் முக்காலியோடும் வெயிலில் நின்ற சர்வேயர், இரவு கணினி முன் அமர்ந்து, மறுநாள் காலை அலுவலக மேசைக்குப் போயாக வேண்டிய மண்வேலைக் கணக்கைத் திறக்கிறார். அந்த முகூர்த்தம் பார்த்துத்தான் புதுப்பிப்பு எழுந்தருளும். அடைமழை நவம்பரில், கருவிப்பெட்டி மூடிக் கிடக்கும் நாள்களில் அது வந்து காலத்தை வீணாக்காது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒரு பொத்தான் முன்பு இருந்தது. முடிவெடுக்கும் துன்பம் அடியார்களுக்கு எதற்கு என்று திருவுளம் இரங்கி அதையும் எடுத்துவிட்டார்கள். நீலப்பட்டை மெல்ல ஊர்ந்து, 99 விழுக்காட்டை எட்டியதும் யோகத்தில் அமர்ந்துவிடும். வருடம் முழுக்க ஓடிய மனிதருக்கு நள்ளிரவில் கைகட்டி உட்காரும் பேறு வேறு யார் தருவார்கள்?

யோகம் கலைந்து மென்பொருள் கண்திறக்கும்போது அது நேற்றுப் பார்த்த மென்பொருள் அல்ல. குறுக்குவெட்டு வரையும் பொத்தான் எட்டாண்டுகளாக இருந்த இடத்தில் இராது. விரல் தன்னையறியாமல் அங்கே போகும். அங்கே வேறொரு பொத்தான் புதுமணப்பெண்போல் நாணி நிற்கும், அதை அழுத்தினால் நிறுவனத்தாரின் மேகச் சேமிப்புக்குச் சந்தா கட்டும் பக்கம் விரியும். பழக்கம் என்பது ஆன்மாவின் தளை என்று பெரியோர் சொன்னார்கள். அந்தத் தளையை ஆண்டுதோறும் அறுத்தெறிய ஓர் அமைப்பே இயங்குகிறதென்றால் அது எத்தகைய ஞானபீடம்! திரையின் பின்புலத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளும் வசதியும் இம்முறை கிடைத்திருக்கிறது. மூன்று வெளியீடுகளுக்கு முன்பு, ஓடைக்கரையில் கான்டூர் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்று சிலர் முறையிட்டிருந்தார்கள். ஒரே புள்ளிக்கு இரண்டு உயரம் இருக்க முடியாது என்பது அவர்களது குறுகிய நம்பிக்கை. கோடுகள் இப்போதும் வெட்டிக்கொள்கின்றன. கறுப்புப் பின்புலத்தில் அந்த வெட்டு முன்பைவிடத் துலக்கமாகத் தெரிகிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் அருள். தெரியாத அருளே பெரிது.

தமிழ்நாட்டின் நடுவே 78 பாகைத் தீர்க்கரேகை ஓடுகிறது. அதற்கு மேற்கே இருக்கும் கோயம்புத்தூரும் திண்டுக்கல்லும் யுடிஎம் என்ற வரைபட ஆயத்தொலைவு முறையில் 43-ஆம் மண்டலம். கிழக்கே சற்று நகர்ந்தால் மதுரை, 44-ஆம் மண்டலம். ஒரே பேருந்தில் காலையில் ஏறி முற்பகலுக்குள் மண்டலம் மாறிவிடும் மாநிலத்தில் சர்வேயர் இந்த எண்ணைத் தாயத்துப்போல் காத்துவருகிறார். புதுப்பிப்பு வந்த இரவில் அந்த அமைப்பு ஓசையின்றி 43-க்குத் திரும்பிவிடுகிறது. எச்சரிக்கை மணி அடித்து அவர் தூக்கத்தைக் கெடுக்கும் நாகரிகமின்மை அங்கே கிடையாது. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போட்ட லேஅவுட், கிழக்கு ஆயத்தொலைவு மாறாமல், மண்டலம் மட்டும் மாறியதால், ஆறு பாகை மேற்கே பெயர்ந்து லட்சத்தீவுக்கு அருகே அரபிக்கடலில் போய் இறங்குகிறது. வைகையில் தண்ணீர் பார்க்க ஏங்கும் மனைக்காரருக்கு நாற்புறமும் கடல் வாய்த்த மனை. முத்திரைத்தாள் செலவு கூட இல்லை.

கிடைமட்டத்தில் காட்டும் இந்தப் பரிவு உயரத்திலும் குறைவதில்லை. செயற்கைக்கோள் தரும் உயரம் நீள்வட்டத் திரளின் மேல் அளந்தது. நம் பெஞ்ச் மார்க்கில் பொறித்தது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் நடுவே ஜியாய்டு என்றொரு மாதிரி கோப்பாக அமர்ந்து கழித்துக் கூட்டிக் கொடுக்கும். உலகத்தின் ஆழமான ஜியாய்டுப் பள்ளம், ஏறத்தாழ 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழகமும் இருக்கிறது. ஆகவே இங்கே இந்த வேறுபாடு ஒன்றிரண்டு மீட்டர் அல்ல, கிட்டத்தட்ட 90 மீட்டர். புதுப்பிப்பின்போது பழைய கோப்புறையோடு ஜியாய்டுக் கோப்பையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடுவது நிறுவனத்தாரின் தூய்மை விரதம். மறுநாள் கன்னியாகுமரிக் கரையில் நின்று அளப்பவர், கடல்மட்டத்துக்கு 90 மீட்டர் கீழே நிற்பதாகத் திரை அறிவிக்கும். மூச்சு முட்டாமல் அங்கே நிற்க வைத்த வித்தையை எந்தச் சித்தர் செய்தார்?

பழையதைக் கைவிடும் மனம் அவர்களுக்கு இல்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் இரண்டு அடிகள் வழக்கில் இருந்தன. ஒன்று உலகம் ஏற்ற 0.3048 மீட்டர் அடி. மற்றது அளவைக்காரர் அடி, பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நீளம். குழப்பம் போதும் என்று அமெரிக்க அரசே 2022 முடிவோடு இரண்டாவதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. ஓய்வுபெற்ற பெரியவரை நிறுவனத்தார் தெருவில் விடவில்லை. அலகுப் பட்டியலில் முதல் ஆசனம் கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்பது சைட்டில் நூறு அடிச் சுவரில் மயிரிழை. மதுரையின் வடக்கு ஆயத்தொலைவு நிலநடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 11 லட்சம் மீட்டர். அதை அடியாக எழுதி, வேறு அடியாகப் படித்தால், எல்லைக்கல் இரண்டு மீட்டருக்கு மேல் நடந்துவிடும். அண்ணன் தம்பிக்குள் ஓர் அடி வரப்புக்காக அரிவாள் தூக்கும் நாட்டில் இரண்டு மீட்டரை இப்படி வலியக் கொடுக்கும் கை எத்தனை பெரிய கை!

டிராயிங் கோப்பு விஷயத்திலோ நேர்மாறான வைராக்கியம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோப்பின் உள்ளமைப்பு மாறும். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. திண்டுக்கல்லில் ஒரு சர்வேயர் புதியதுக்கு மாறினால், அவரிடம் படம் வாங்கும் கட்டடப் பொறியாளர் மாற வேண்டும். அவரிடம் வாங்கும் ஒப்பந்தக்காரரின் ஊழியர் மாற வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பிரிண்ட் போடும் பையனும் மாற வேண்டும். ஒருவர் பெற்ற தீட்சையை ஊரே பெறும்படி ஏற்பாடு. முன்காலத்தில் மென்பொருளை ஒரு தடவை விலைகொடுத்து வாங்கி, யூஎஸ்பி டாங்கிளைச் செருகி, கணினி இருக்கும்வரை ஓட்டினார்கள். உடைமைப் பற்று என்ற அந்த அழுக்கை நிறுவனத்தார் கழுவிவிட்டார்கள். இப்போது எதுவும் எவருக்கும் சொந்தமில்லை, ஆண்டுச் சந்தாதான். கட்டும்வரை உலகம் உண்டு. கட்டாத மறுநாள், தன் கையால் வெயிலில் நின்று அளந்து, தன் கையால் வரைந்த பத்தாண்டுப் படங்களைச் சர்வேயர் வெளியில் நின்று பார்க்கலாம். யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை வரிசையில் கோப்பு நிலையாமையும் இவ்விதம் சேர்ந்தது.

உரிமம் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது இணையத்தின் வழி விசாரித்துக்கொள்வதும் தாய்மைக்கு நிகரான அக்கறை. கொல்லிமலையின் ஒரு கொண்டையூசி வளைவில், டவர் எட்டாத இடத்தில், சாலை அகலப்படுத்தும் வேலைக்காக மடிக்கணினியை விரித்தவரிடம் மென்பொருள், ‘உங்களை அடையாளம் காண முடியவில்லை’ என்று தெரிவிக்கும். விலை கொடுத்தவர், ரசீது வைத்திருப்பவர், ஆறு மாதம் முன்புதான் சந்தா புதுப்பித்தவர். அடியார் தன்னை யாரென்று தானே கேட்டுக்கொள்ள மலையுச்சியைவிடச் சிறந்த இடம் எது? ரமணர் வழி இங்கே சந்தாவோடு சேர்த்துக் கிடைக்கிறது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர் நிலைதான் பரிதாபம். அவர் பூட்டை உடைத்த நாளிலிருந்து மென்பொருள் தினமும் திறக்கிறது, மலையிலும் திறக்கிறது, எதையும் விசாரிப்பதில்லை, பொத்தான்கள் இடம் மாறுவதில்லை. முறையாகக் காசு கட்டியவருக்கு மட்டுமே உரிய அருள்களில் ஒன்றுகூட அந்தப் பாவிக்கு வாய்ப்பதில்லை.

மென்பொருளோடு மட்டும் இந்த ஈகை நிற்பதில்லை. வரும் அலை தொடும் எல்லாவற்றையும் புதுமையாக்கும். 14 அக்டோபர் 2025 அன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அன்று காலாவதி ஆயின. அதற்கும் முன்பு, 6 ஏப்ரல் 2019 அன்று ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1,024-ஐ எட்டிச் சுழியத்துக்குத் திரும்பியது. இந்த நாள் வரும் என்பது அமைப்பை வகுத்த காலத்திலேயே தெரியும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை வந்தும் போனது. கருவிக்குள் இருக்கும் மென்பொருளைச் சற்றே திருத்தினால் பழைய ரிசீவர்கள் தேதியைச் சரியாகச் சொல்லியிருக்கும். திருத்தம் கேட்டவர்களுக்கு, ‘அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்தது, புதிய ரிசீவர் வாங்கலாம்’ என்று விலைப்பட்டியலே பதிலாக வந்தது. வாங்காதவரின் கருவி 1999-க்குப் போய்விட்டது. இருபது வயது குறைத்துக் காட்டும் காயகல்பத்தை அவர் பெற்றும், அதன் அருமை அவருக்குத் தெரியவில்லை.

உதவி மையத்தின் புகழைப் பாடுமுன், உதவி மையம் இல்லாத ஓர் அநாதையின் கதையைச் சொன்னால்தான் அதன் ஒளி விளங்கும்.

வில்லியம் லாம்டன் என்பவர் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் கேரி என்பவர் செய்தது. கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டனோடு போர் நடக்கும் காலம். ஆயினும் அந்தத் தீவின் ஆளுநர் கருவியைச் சென்னைக்கு வாழ்த்தோடு அனுப்பிவைத்தார். உரிம எண் கேட்கவில்லை, சந்தா நிலுவை பார்க்கவில்லை, எதிரிகூட அவ்வளவு ஒழுங்கற்று நடந்துகொண்ட காலம் அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு விட்டு, கருவி சுவரில் மோதியது. அதன் பெரிய வட்டத் தகடு நெளிந்துபோயிற்று. கோணம் அளக்கும் வட்டம் நெளிந்தால் மொத்த வேலையும் போயிற்று.

லாம்டனுக்கு டிக்கெட் எண் கொடுக்க ஒருவரும் இல்லை. காத்திருக்கும்போது கேட்க இசையில்லை. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று சொல்ல ஒரு குரல்கூட அந்தக் காவிரிக்கரையில் ஒலிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த மனிதர் கூடாரத்துக்குள் புகுந்து, ஏறத்தாழ ஆறு வாரம், நெளிந்த வட்டத்தை ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு இம்மி இம்மியாக இழுத்துத் தாமே சரிசெய்தார். கருவியின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்ததே அந்தக் கொடுமைக்குக் காரணம். அந்தத் தியோடலைட் அதன்பின் பல்லாண்டு அளந்தது. திறந்து பார்க்கலாம், புரிந்துகொள்ளலாம், பழுது நீக்கலாம் என்ற நிலையில் அளவைக்காரரைத் தவிக்க விட்ட இருண்ட காலம் அது. இன்று உள்ளே என்ன கணக்கு நடக்கிறதென்று எந்தச் சர்வேயருக்கும் தெரியவேண்டியதில்லை. தெரிந்துகொள்ள முயல்வதை உரிம ஒப்பந்தமே குற்றமாக்கிக் காத்துவிட்டது.

இப்போது அவருக்கு எப்படி உதவி கிடைக்கிறது பாருங்கள். சைட்டில், சுற்றி அளந்து தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டிய டிராவர்ஸ் கணக்கு மூடவில்லை. நேற்றுவரை மூடிய கணக்கு. பிரிசம் கம்பைப் பிடித்த உதவியாளர் கானல் அலையும் வெயிலில் நிற்கிறார், பொக்லைன் இயந்திரம் மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடியபடி உறுமுகிறது. சர்வேயர் முதலில் உள்ளூர் டீலரை அழைக்கிறார். ‘அண்ணே, அது சாப்ட்வேர் பிரச்சினை, கம்பெனியிலதான் கேட்கணும்’ என்கிறார் டீலர். கம்பெனியைக் கேட்டால், ‘தங்கள் பகுதி டீலரைத் தொடர்புகொள்ளவும்’ என்று விடை வருகிறது. அவர் இவருக்கும் இவர் அவருக்கும் இப்படிப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பதை இந்தக் காலத்தில் வேறெங்கும் காண முடியாது. இணையத்தில் குறை பதிந்ததும் பதினோரு இலக்க எண் ஒன்று அருளப்படுகிறது. அவ்வளவு நீள எண்ணைப் பார்த்ததுமே, தமக்கு முன்னால் எத்தனை கோடி அடியார்கள் தவமிருக்கிறார்கள் என்ற எண்ணம் தோன்றி, தம் துன்பம் சிறிதாகிவிடுகிறது.

பதில் நள்ளிரவு ஒரு மணிக்கு வரும். அங்கே அது அலுவலக நேரம். என்ன பதிப்பு பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கும். அதைக் குறையின் முதல் வரியிலேயே சர்வேயர் எழுதியிருந்தார். மனிதர் சொன்னதை மறந்து புதிதாகக் கேட்பது குழந்தைமை, இறைமையின் அடையாளம். மறுநாள் இரவு இன்னொருவர், பதிவுக் கோப்புகளை அனுப்பச் சொல்வார். மூன்றாம் இரவு மற்றொருவர், மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொல்வார். ஒவ்வோர் இரவும் வேறு பெயர், ஒரே மொழிநடை, ஒரே வாழ்த்து. பல வடிவில் ஒரு பொருள். நீக்கி நிறுவியதில் பத்தாண்டாகச் சேர்த்த குறியீட்டு நூலகமும் தலைப்புச் சட்டங்களும் போய்விட்டன என்று எழுதினால், ‘இந்தச் சிக்கல் அடுத்த வெளியீட்டில் தீரும் என எதிர்பார்க்கிறோம்’ என்று திருவாய் மலர்வார்கள். அதற்குள் சர்வேயர் பேசாமலிருந்த ஐந்து நாள்களைக் கண்டு, குறை தீர்ந்தது என்று தாமாகவே முடிவுசெய்து டிக்கெட்டை மூடிவிடுவார்கள். மூடிய கையோடு ஒரு மின்னஞ்சல் வரும்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? வானத்தில் போதுமான அளவு இல்லை.

அந்த மூடாத டிராவர்ஸை அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். பழைய புலப்புத்தகத்தை எடுத்து, கோணங்களைக் கூட்டி, விலகலைப் பக்கங்களின் நீளத்துக்கு ஏற்பப் பகிர்ந்து, ஒரு கால்குலேட்டரில் இரவோடு இரவாக முடித்தார். தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒரு முதிய நில அளவர் எப்போதோ சொல்லிக்கொடுத்த வழி. உதவி மையத்தின் அருமையை அறியாதவர்கள் இப்படித்தான் தம் கையை நம்புகிறார்கள்.

பயிற்சி என்ற திருவிழாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி மறந்தவராவோம். மாவட்டத் தலைநகரின் நட்சத்திர ஓட்டலில், ஏசி அறையில், ஒரே நாள். காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு, பதினொன்றுக்குத் தேநீர், ஒன்றரைக்கு பிரியாணி, நான்கு மணிக்குச் சான்றிதழ். இவற்றுக்கிடையே மிஞ்சும் பொழுதில் கற்பித்தல். பயிற்றுநர் காட்டும் மாதிரி நிலத்தில் முள் இல்லை, மேடு பள்ளம் அளவாக இருக்கும், பிரிசத்தைப் பனைமரம் மறைக்காது, பக்கத்து நிலத்துக்காரர் வந்து கம்பைப் பிடுங்கமாட்டார், ஒவ்வொரு புள்ளிக்கும் அழகான பெயர். அது வேறு கண்டத்தில் உள்ள ஒரு பூங்காவின் தரவு என்று பிறகு தெரிகிறது. நம் கரிசல் காட்டையும் புறம்போக்கையும் அளந்து அலுத்த கண்களுக்கு வெளிநாட்டுப் பூங்கா ஒன்றைக் காட்டிய பரிவை என்னென்பது! பாடம் முழுதும் ஆங்கிலத்தில் நடந்தது. சந்தேகம் கேட்க நினைத்தவர்கள் அதனால் அமைதி காத்தார்கள்; அவையில் அடக்கம் விளைந்தது.

அந்த அமைதியை ஒருவர் கெடுத்தார். டோட்டல் ஸ்டேஷனில் அளந்த தூரமும் ஜிபிஎஸ் ஆயத்தொலைவிலிருந்து கணக்கிட்ட தூரமும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டார். இது சிறுபிள்ளைத்தனமான கேள்வி அல்ல. நெடுஞ்சாலை வேலை செய்பவர் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர். உருண்டை பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும்போது யுடிஎம் தளத்தில் நீளங்கள் இடத்துக்கு இடம் மாறும். மண்டலத்தின் மைய ரேகையில் கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறையும். சென்னையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் குறையும். மைய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் மதுரையிலோ 80 சென்டிமீட்டருக்கு மேல் கூடும். மென்பொருளில் இதைச் சரிசெய்ய ஓர் இடம் இருக்கிறது. ஒரே ஒரு காரணி எண்ணை உள்ளிட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுத்தால் பத்துக் கிலோமீட்டர் சாலையில் எட்டு மீட்டர் தவறு காணாமல் போய்விடும். பயிற்றுநர் புன்முறுவலோடு, ‘அது மேம்பட்ட தொகுதி, தனிப் பயிற்சிக் கட்டணம்’ என்று அருளி, ட்ரோன் படங்களை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டத் தொடங்கினார். கட்டடங்கள் சுழன்றன, மரங்கள் சுழன்றன, அவையோரின் தலையும் சுழன்றது. அதைக் கண்டபின் எட்டு மீட்டரை நினைத்துக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்?

சென்னையில் 1794-இல் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுதான் வேர். சிறுவர்களைச் சேர்த்து, சங்கிலி பிடிக்க வைத்து, கணக்குப் போட வைத்து, தவறினால் மறுபடி அளக்க வைத்து ஆளாக்கிய பழங்காலக் கருத்து. அவர்கள் கற்ற கணிதம் சாகும்வரை காலாவதியாகவில்லை. அந்தக் குறையை நீக்கி, நிறுவனத்தார் சான்றிதழிலேயே பதிப்பின் எண்ணை அச்சிட்டுத் தருகிறார்கள். பதிப்பு மாறும் நாளில் கல்வியும் மாசற்று நீங்கிவிடுகிறது.

கடைசியாக, கைகூப்பிச் சொல்லவேண்டியது உரிம ஒப்பந்தம். நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியதும் கண்ணைவிட்டு மறையும் அந்த நீண்ட சாசனத்தில், ஒரு பத்தி முழுதும் பெரிய எழுத்தில் இருக்கும். மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. குறிப்பிட்ட எந்த நோக்கத்துக்கும் பொருந்தும் என்ற உத்தரவாதமில்லை. இதனால் விளையும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பாகாது. பொறுப்பானாலும் கட்டிய சந்தாவுக்கு மேல் போகாது. நில அளவைக்கென்றே செய்து, நில அளவைக்கென்றே விற்று, நில அளவை என்ற நோக்கத்துக்குப் பொருந்துமென்று சொல்ல மட்டும் மறுக்கும் இந்தத் தன்னடக்கம் முனிவர்களிடமும் அரிது. சர்வேயருக்கு அந்தத் தன்னடக்கம் அனுமதியில்லை. அவர் வரைபடத்தின் வலது மூலையில் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்த வேண்டும்.

மண்டலம் மாறிய லேஅவுட்டோ, இரண்டு மீட்டர் நடந்த எல்லைக்கல்லோ, உயரம் பிசகி மழைநீர் எதிர்த்திசையில் ஓடும் வடிகாலோ, ஏதாவது ஒன்று சில ஆண்டு கழித்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். சம்மன் அந்த மூலையில் இருக்கும் பெயருக்கு வரும். கூண்டில் அவர் நிற்பார். எந்தப் பதிப்பில், எந்த நாள், எந்த அமைப்பு தானாக மாறியது என்று அவரால் காட்ட முடியாது, ஏனெனில் அந்தப் பதிப்பு இப்போது திறப்பதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ‘இந்தப் படம் நீங்கள் வரைந்ததுதானே?’ என்று கேட்பார். ஆமென்றுதான் சொல்லவேண்டும். அளப்பதற்கு வேண்டிய அறிவையெல்லாம் தங்களிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு, அளந்தவன் என்ற பெருமையை மட்டும் முழுதாக அவருக்கே விட்டுக்கொடுக்கும் இந்தப் பெருந்தகைமைக்கு ஆண்டுச் சந்தா ஒரு விலையே அல்ல. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.